காலனி என்னும் சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் வள்ளுவரைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவது வழக்கம். செயலாளர் அவர்களும் என்னிடம் அதையே எதிர்பார்த்திருப்பார். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் ஆங்கிலச் சொல். அகராதியைப் புரட்டித் தேட வேண்டிய அருஞ்சொல்லும் அன்று அது. நமக்கு வரும் கடிதங்களின் மேல் அது எழுதப்பட்டிருக்கிறது. நம் வாயிற்கதவுக்கு எதிரே நிற்கும் பலகையில் அது இருக்கிறது. வழி தவறினால் சொல்ல வேண்டும் என்று மூன்று வயதுக் குழந்தைக்கு நாம் கற்பிக்கும் முகவரியில் அது இருக்கிறது. "காலனி" என்பதே அச்சொல்.

இச்சொல்லை நாம் எழுதுவதிலேயே ஓர் இடர் உண்டு. இரண்டு சுழி 'ன'கரம் இட்டால் குடியிருப்பு. மூன்று சுழி 'ண'கரம் இட்டால் காலில் அணியும் செருப்பு. பெயர்ப் பலகை எழுதுவோர் ஒரு சுழியைக் கூட்டிவிட்டதனால் செருப்பின் பெயரைத் தாங்கி நிற்கும் குடியிருப்புகள் தமிழ்நாட்டில் பல உண்டு. இதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆயினும் இந்தச் சிரிப்புக்குப் பின்னால் சிரிக்க முடியாத செய்தி ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

முதலில் இச்சொல்லின் பிறப்பைக் காண்போம். இலத்தீன் மொழியில் 'கோலெரே' என்றொரு வினைச்சொல் உண்டு. உழுது பயிரிடுதல், பேணுதல், ஓரிடத்தில் குடியிருத்தல் என்பன அதன் பொருள்கள். அதன் அடியாக வந்த 'கொலோனுஸ்' என்பது உழவனைக் குறிக்கும். உழவர் சென்று குடியேறிய இடம் 'கொலோனியா' ஆயிற்று. நாகரிகத்தைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் 'கல்ச்சர்' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததேயாகும். நம் மொழியிலும் நிலத்தைப் 'பண்படுத்துகிறோம்'. மனிதனிடம் 'பண்பாடு' காண்கிறோம். ஆகவே காலனி என்ற சொல் பிறந்தபோது அதில் இழிவு சிறிதும் இல்லை. ஏர் பிடித்தவன் பெயரில் பிறந்த சொல் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

உரோமர்கள் நாடுகளை வென்றபின், படையிலிருந்து ஓய்வு பெற்ற வீரர்களுக்கு வென்ற மண்ணில் நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அத்தகைய ஊர்கள் கொலோனியா எனப்பட்டன. ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்றும் அந்தப் பெயரையே தாங்கி நிற்கிறது, கி.பி. 50-இல் அது கொலோனியா என்னும் தகுதி பெற்றது. இங்கிலாந்தில் உள்ள லிங்கன் நகரின் பெயரிலும் அச்சொல்லின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் தலைநகரில் பிரிவினைக்குப் பின் படையதிகாரிகளின் குடும்பங்களுக்காக அமைத்த 'டிபென்ஸ் காலனி'யை எண்ணிப் பாருங்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உரோமர் பொருளுக்கு அதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு வேறு தேட வேண்டியதில்லை.

பின்னர் அச்சொல் கடல் கடந்தது. 1607-இல் ஆங்கிலேயர் அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுனில் குடியேறினர். அவ்வாறு வளர்ந்த பதின்மூன்று காலனிகள் 1776-இல் விடுதலைப் பிரகடனம் செய்தன. உழவன் குடியேற்றம் என்ற பொருள் மங்கி, ஒரு நாடு இன்னொரு நாட்டை அடக்கியாளும் ஆட்சி என்ற பொருள் மேலோங்கியது. புதுச்சேரியைப் பிரெஞ்சுக் காலனி என்றோம். கோவாவைப் போர்த்துக்கேசியக் காலனி என்றோம். நம் விடுதலை இயக்கத்து மேடைகளில் இச்சொல் அடிமைத்தனத்தின் மறுபெயராகவே ஒலித்தது.

ஆனால் அதே காலத்தில், அதே ஆங்கில ஆட்சியில், இதே சொல் வேறு வழியாக நம் தெருக்களுக்குள் நுழைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சாபில் பெரிய பாசனக் கால்வாய்களை வெட்டித் தரிசு நிலங்களில் உழவர்களைக் குடியேற்றினார்கள். அவை கால்வாய்க் காலனிகள் எனப்பட்டன. இன்று பைசலாபாத் எனப்படும் லயால்பூர் அவ்வாறு எழுந்த நகரம். அந்தக் குடியேற்றக்காரர்களின் நில உரிமையைக் குறைக்க வந்த மசோதாவை எதிர்த்து 1907-இல் பஞ்சாப் உழவர்கள் பெருங்கிளர்ச்சி செய்தனர். வைசிராய் அம்மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். இரயில்வே நிருவாகம் தன் ஊழியர்களுக்குக் கட்டிய வீட்டு வரிசைகள் இரயில்வே காலனிகளாயின. திருச்சிக்கு அருகே பொன்மலையில் 1928-இல் தொழிற்சாலை திறக்கப்பட்டபின் அதனைச் சூழ்ந்து வளர்ந்த குடியிருப்பு நம்மில் பலர் அறிந்தது. பம்பாயில் 1896-இல் கொள்ளைநோய் பரவியபின், நெரிசலைக் குறைக்க 1898-இல் நகர் மேம்பாட்டு டிரஸ்டு ஏற்படுத்தப்பட்டது. அது வகுத்த தாதர், மாதுங்கா பகுதிகளில் பார்சி காலனியும் இந்து காலனியும் தோன்றின. மாதுங்காவில் நம் தமிழர்கள் வேரூன்றிய கதையும் அப்பகுதி எழுந்ததோடு சேர்ந்த கதையே.

பிறகு 1947 வந்தது. வீடிழந்து வந்த இலட்சக்கணக்கான மக்களுக்குத் தில்லியில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. லஜபதி நகர், இராசேந்திர நகர், பட்டேல் நகர் என்று தலைவர்களின் பெயர்களை அவை ஏற்றன. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்குத் தந்த இடத்துக்கு 'கிழக்குப் பாகிஸ்தான் இடம்பெயர்ந்தோர் காலனி' என்று நீண்டதொரு பெயர் இருந்தது. அப்பெயரை இன்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? தேசபந்து சித்தரஞ்சன்தாசரின் பெயரால் சித்தரஞ்சன் பார்க் என்றால் துர்க்கா பூசையும் மீன் சந்தையும் எல்லார் நினைவுக்கும் வருகின்றன. பெயரும் மாறியது, மக்களும் உயர்ந்தார்கள், பழைய பெயரின் துயரம் மறைந்தது.

கல்கத்தாவில் கதை சற்று வேறு. அங்கு அகதிகள் பலர் அரசாங்கத்துக்காகக் காத்திராமல் காலி மனைகளில் தாமே குடிசை போட்டு அமர்ந்தனர். யாதவபூரில் போர்க்காலத்துப் படைக்கொட்டில்கள் காலியாக நின்ற இடம் விஜய்கட், அதாவது வெற்றிக்கோட்டை, என்னும் காலனி ஆயிற்று. விடுதலைக்கோட்டை எனப் பொருள்படும் ஆசாத்கட் இன்னொன்று. கொட்டகை போட்ட கையோடு பள்ளிக்கூடமும் ஏற்படுத்திக்கொண்டவர்கள் அவர்கள். ஆயினும் பழைய நகரவாசிகள் சிலர் வாயில் 'காலனிக்காரன்' என்பது ஏளனமாகவே வந்தது. இரித்விக் கட்டக் 1960-இல் எடுத்த 'மேகே டாக்கா தாரா' என்னும் திரைப்படம் அத்தகைய காலனி ஒன்றின் துன்பத்தையே காட்டுகிறது.

இனி, நாம் வாழும் தலைநகரையே பாருங்கள். இங்கே காலனி என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை படிகள்! 'பாஷ் காலனி' என்று உதட்டைக் குவித்துச் சொல்வது ஒன்று. அரசாங்க ஊழியர் காலனி ஒன்று. குடிசைகளை அகற்றி மக்களை நகரின் ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்த 'ஜே.ஜே. காலனி' ஒன்று, ஜுக்கி ஜோப்டி என்ற இரண்டு சொற்களின் முதலெழுத்துகள் அவை. அனுமதி பெறாமல் எழுந்தவை வேறு. 2019-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி உரிமை வழங்க முற்பட்ட அத்தகைய காலனிகளின் எண்ணிக்கை 1,731. மாநகராட்சியோ வீட்டுவரிக்காகக் காலனிகளை 'ஏ' முதல் 'எச்' வரை எட்டு வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுவதுபோல இங்கே தெருக்களுக்கு வகுப்புப் போட்டிருக்கிறார்கள். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் இருப்பவனும் முதல் வகுப்பில் இருப்பவனும் தன் இடத்தைக் காலனி என்றே சொல்கிறான். இங்கு அச்சொல் எவருடைய பிறப்பையும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில்?

என் நண்பர் ஒருவர் அரசாங்கக் குடியிருப்பில் வாழ்பவர். கோடை விடுமுறையில் ஏழு வயது மகனை அழைத்துக்கொண்டு தம் சொந்தக் கிராமத்துக்குச் சென்றார். திண்ணையில் இருந்த மூதாட்டி ஒருவர் அன்போடு கேட்டார்: "டில்லியிலே எங்கேடா கண்ணு இருக்கீங்க?" சிறுவன் பெருமையோடு, "காலனியிலே பாட்டி! எங்க காலனி ரொம்பப் பெரிசு" என்றான். மூதாட்டியின் முகம் சுருங்கிற்று. தாத்தா பதறிப்போய், "அது கவர்ன்மெண்டு காலனி. நம்மூர்க் காலனி மாதிரி இல்லே" என்று விளக்கினார். சிறுவனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "நம்ம ஊர்லயும் காலனி இருக்கா தாத்தா? போய்ப் பாக்கலாமா?" என்றான். அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நுங்கு வெட்டி வைத்திருப்பதாக உள்ளேயிருந்து குரல் வந்தது, பேச்சு மாறிவிட்டது.

அவன் கேட்ட கேள்விக்கு நாம்தான் விடை சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் 'ஊர்' என்பது ஒன்று, 'காலனி' என்பது வேறு. ஊருக்கு வெளியே, வயலையோ வாய்க்காலையோ சாலையையோ கடந்து, ஆதிதிராவிட மக்கள் வாழும் பகுதிக்கே காலனி என்று பெயர். இப்பெயர் எப்படி வந்தது? பழைய சென்னை மாகாண அரசாங்கம் 1920-ஐ ஒட்டித் தொழிலாளர் துறையின் பொறுப்பில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனைகள் வாங்கித் தரத் தொடங்கிற்று. மிராசுதாரின் மனையில் குடிசை போட்டு வாழ்ந்தவன், அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொன்னால் அன்றிரவே குடிசையை இழக்க வேண்டியிருந்த காலம் அது. தனக்கென ஒரு மனை என்பது அவனுக்கு விடுதலையின் முதற்படி. பின்னாளில் அரசாங்கம் மனைகளோடு வீடுகளையும் கட்டித் தந்தது. 1974-இல் ஏற்பட்ட தாட்கோ நிறுவனமும் அப்பணியில் ஈடுபட்டது. வரிசையாகக் கட்டிய அந்த வீடுகள் காலனி வீடுகள் எனப்பட்டன. அதிகாரிகளின் கோப்பில் அது நல்ல நோக்கத்தோடு எழுதிய சொல்லாகவே இருந்திருக்கும். சேரி என்று சொல்லிப் புண்படுத்தாமல் புதிய சொல்லால் அழைக்கலாம் என்ற எண்ணமும் சிலருக்கு இருந்திருக்கலாம்.

சேரி என்ற சொல்லின் வரலாறோ இதைவிட வேதனையானது. சேர்ந்து வாழும் இடம் சேரி. பழந்தமிழில் அதற்கு இழிபொருள் இல்லை. பலரும் எளிதில் உணரக்கூடிய பேச்சு வழக்கைக் குறிக்கத் தொல்காப்பியர் 'சேரிமொழி' என்ற தொடரை ஆள்கிறார். புதிய குடியிருப்பு என்னும் பொருளில் புதுச்சேரி என்று ஊருக்குப் பெயர் இட்டனர். 'புதிய காலனி' என்று அதை ஆங்கிலத்தில் பெயர்த்தாலும் பிழையில்லை! ஆனால் முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டைப் பாருங்கள். கம்மாணச்சேரி, ஈழச்சேரி என்று தொழிலாலும் குலத்தாலும் சேரிகள் பிரிந்து நிற்கின்றன; தீண்டாச்சேரி என்ற சொல்லும் அங்கே இடம்பெறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சேரி சரியத் தொடங்கிவிட்டது. இன்று வேளச்சேரியில் வாழ்பவர் தம் ஊரின் பெயரைத் தயக்கமின்றிச் சொல்கிறார். தனியே 'சேரி' என்றால் மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது.

சேரிக்கு நேர்ந்த கதியே காலனிக்கும் நேர்ந்தது. அதுவும் ஆயிரம் ஆண்டுகளில் நேர்ந்த வீழ்ச்சியை இச்சொல் ஐம்பது, அறுபது ஆண்டுகளில் கண்டுவிட்டது. 'காலனிப் பையன்', 'காலனிக்காரன்' என்பவை வசைகளாகிவிட்டன. சென்னையிலோ சி.ஐ.டி. காலனி என்பதும் ஏ.ஜி.எஸ். காலனி என்பதும் மதிப்புள்ள முகவரிகள். ஆகவே ஒரே மாநிலத்தில், ஒரே சொல், நகரத்தில் உத்தியோகத்தைச் சொல்கிறது; கிராமத்தில் சாதியைச் சொல்கிறது. ஏர் பிடித்தவனின் பெயரில் பிறந்த சொல் அன்றோ இது என்று முதலில் கேட்டேன். அது உலகைச் சுற்றிவிட்டுக் கடைசியில் நம் கிராமத்தில் வயலில் இறங்கி உழுபவனின் குடியிருப்புக்கே வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த இடத்தில்தான் அது இழிசொல்லாயிற்று. இதனைவிடக் கொடிய முரண் வேறு என்ன இருக்க முடியும்?

செருப்பைப் பற்றிய செய்தியைப் பின்னர்ச் சொல்வதாகக் கூறினேன். காலனியில் வாழ்பவன் காலணி அணிந்து ஊர்த் தெருவில் நடக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு நம் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். ஒரு சுழி கூடினால் நமக்கு நகைப்பு வருகிறது. அவர்களுக்கு அந்த இரண்டு சொற்களும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

கேரளத்திலும் இதே நிலைதான். 1972-இல் அங்கு தொடங்கிய இலட்சம் வீடு திட்டம் ஏழைகளுக்கு வீடு தந்த பெருந்திட்டம். ஆனால் அந்தக் காலனிகளின் பெயரே பின்னாளில் இளைஞர் பேச்சில் நாகரிகம் அற்றவன், முரடன் என்னும் பொருளில் வசையாயிற்று. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அன்று. மெக்சிகோ நகரில் 'கொலோனியா' என்றால் நகரின் ஒரு பகுதி, அவ்வளவே. செல்வர் வாழும் பகுதிக்கும் அதே பெயர்தான். ஆற்றைக் கடந்து அமெரிக்காவின் டெக்சாசுக்குள் வந்தால், குழாய் நீரும் கழிவுநீர்க் கால்வாயும் இல்லாத எல்லைப்புற ஏழைக் குடியிருப்புக்கு அதே சொல் பெயராகி நிற்கிறது. ஆக, இச்சொல் எங்கு சென்றாலும் அங்கு வாழ்பவனைப் பக்கத்து ஊரான் எந்தக் கண்ணோடு பார்க்கிறானோ, அந்தப் பார்வையையே தன் பொருளாக ஏற்றுக்கொள்கிறது.

இதனை உணர்ந்தே அரசாங்கங்களும் அண்மையில் நடவடிக்கை எடுத்தன. 2024 ஜூன் 18-ஆம் நாள், கேரளத்தில் பட்டியலினத்தார் நலத்துறை அமைச்சராயிருந்த திரு. கே. இராதாகிருஷ்ணன், அமைச்சர் பதவியிலிருந்து விலகுமுன், அம்மக்களின் குடியிருப்புகளைக் காலனி என்று குறிப்பிடலாகாது என உத்தரவிட்டார். 'நகர்', 'உன்னதி', 'பிரகிருதி' போன்ற பெயர்களை வழங்கலாம் என்றார். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 29-ஆம் நாள், அச்சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசையாகவும் மாறிவிட்டதைச் சுட்டிக்காட்டி, அரசாங்க ஆவணங்களிலிருந்தும் பொது வழக்கிலிருந்தும் அது நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

இதைக் கேட்டவுடன் நம்மில் சிலர், "பெயரை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா?" என்று வினவுகிறார்கள். நியாயமான வினா. சேரியைக் காலனி என்றோம், காலனியும் சேரியாயிற்று. நாளை நகர் என்றால், நகரும் அவ்வாறே ஆகாது என்பதற்கு என்ன உறுதி? சுடுகாட்டுக்குத் தனிப்பாதை, தேநீர்க் கடையில் தனிக் குவளை என்ற நிலை இருக்கும்வரை எந்தப் புதுச்சொல்லும் அந்த அழுக்கில் நனைந்துவிடும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுந்த சுவர் ஊரையும் ஆதிதிராவிடர் பகுதியையும் பிரித்து நின்றது. 2008 மே 6-ஆம் நாள் அரசாங்கம் அதன் ஒரு பகுதியை இடித்து வழி ஏற்படுத்தியது. அந்தச் சுவரைப் பெயர் மாற்றத்தால் இடித்திருக்க முடியாது.

ஆயினும், பெயர் மாற்றத்தால் பயனே இல்லை என்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். குடும்ப அட்டையிலும், பள்ளிச் சான்றிதழிலும், வங்கிக் கடன் விண்ணப்பத்திலும், வேலை கேட்டு எழுதும் மடலிலும் முகவரி என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் காலனி என்று எழுதிய கணமே கிராமத்து இளைஞன் ஒருவன் தன் சாதியை எழுதிவிடுகிறான். அவன் எவ்வளவு படித்தவன் என்பதைப் பார்க்குமுன் படிப்பவர் கண் அங்கே செல்கிறது. அந்தச் சொல்லை நீக்கினால், அவன் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புவதை முதலில் சொல்லும் உரிமை அவனுக்குக் கிடைக்கிறது. இது சிறிய உதவி அன்று.

பெயரும் மாறி, அமைப்பும் மாறினால் இன்னும் நன்று. அதற்கும் தமிழ்நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. 1997-இல் அறிவித்த பெரியார் நினைவுச் சமத்துவபுரத் திட்டத்தில் ஒவ்வோர் ஊரிலும் நூறு வீடுகள். அவற்றில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 ஏனையோருக்கு என வகுத்தனர். அடுத்தடுத்த வீட்டில் எல்லா வகுப்பாரும் வாழ வேண்டும் என்பது நோக்கம். அந்த ஊர்களிலும் குறைகள் இருக்கலாம். ஆனால் ஒரு குடியிருப்பின் பெயரை மட்டுமன்றி, பக்கத்து வீட்டில் யார் இருப்பது என்பதையும் சேர்த்து மாற்ற முயன்ற திட்டம் அது.

அன்பர்களே, இவையெல்லாம் தமிழ்நாட்டுச் செய்திகள், ஆயிரம் கல் தொலைவில் இருக்கும் நமக்கு என்ன என்று கருதலாகாது. வடநாட்டுக்கு வந்த புதிதில் நம்மை எல்லாரும் 'மதராசி' என்று அழைத்தார்கள். நாம் கோயம்புத்தூராரா, பாலக்காட்டாரா, நெல்லூராரா என்று கேட்பார் இல்லை. அந்தச் சொல்லை அவர்கள் சொன்ன தொனி நம் மூத்தோர் நெஞ்சில் எப்படித் தைத்தது என்பதை அவர்களே இந்த மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். பெயர் சுடும் என்பதை அறியாதவர்கள் அல்லர் நாம்.

அந்த மதராசி என்ற பெயரையே தாங்கிய ஓர் இடம் இந்த நகரில் இருந்தது. ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த மதராசிக் காம்ப்பைத்தான் சொல்கிறேன். அங்கு வாழ்ந்தவர்கள் நம் ஊரிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களும் அவர்களுடைய மக்களும். அங்குள்ள பெண்களிற் பலர் பக்கத்துக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்து பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியவர்கள். நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1-ஆம் நாள் அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. தகுதியுடையவை என்று கண்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். எஞ்சியவர்களுக்கு அதுவும் இல்லை. உத்தியோகத்துக்கு வந்த தமிழன் இருந்த இடம் காலனி. கூலிக்கு வந்த தமிழன் இருந்த இடம் காம்ப். தமிழ்நாட்டில் ஊர் என்றும் காலனி என்றும் இருந்த கோடு, இங்கு வந்தபின் காலனி என்றும் காம்ப் என்றும் ஆயிற்று என்றால், நாம் எதைக் கடந்து வந்தோம்?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, விடுமுறைக்கு ஊர் செல்லும் முன் நம் பிள்ளைகளுக்கு இச்சொல்லின் இரண்டு பொருள்களையும் சொல்லிக் கொடுங்கள். ஏழு வயதில் முழுதும் விளங்காது; ஆனால் தாத்தா பேச்சை மாற்றும்போது தந்தையாவது உண்மையைச் சொல்லலாம்; முடியுமானால் பிள்ளையை அழைத்துக்கொண்டு அங்கே சென்றும் வரலாம். இரண்டாவது, ஊரிலுள்ள உறவினரோடு பேசும்போது அச்சொல்லை வசையாக யாரேனும் வழங்கினால், சிரித்து நகர்ந்துவிடாமல், நாங்களும் காலனியில் வாழ்பவர்களே என்று சொல்லுங்கள். மூன்றாவது, இது நம் சங்கத்துக்கே உரியது. நரேலாவுக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் அடுத்த ஆண்டு விழாவுக்கு வருவதற்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்வோம். அந்தப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் தமிழ் கற்பிக்க நம்மில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் முன்வர வேண்டும். செலவுக் கணக்கைச் செயற்குழு பார்த்துக்கொள்ளும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்தவுடன் வாயிலில் உள்ள பதிவேட்டில் எழுதலாம்.